படம் எப்படி என்று மலைக்குச் சொன்ன வேலாமணி அம்மையாருக்கு

குன்னூர் பனிமுகில் சமுதாய வானொலியின் மூத்த அறிவிப்பாளரும் திரை விமர்சகருமாகிய திருமிகு வேலாமணி அம்மையார் பணி நிறைவு பெறும் இந்நன்னாளில், உடன் உழைத்தோர் உளமுவந்து படிக்கும் பாராட்டு மடல்

கேட்டவர் காதில் குடியேறி, கேளாதவரையும் கேட்க வைத்த குரலே! கொட்டகை இருட்டிலும் குறையையும் நிறையையும் கூசாமல் கண்ட கூர்விழியே! பொன்னாடைக்கு மயங்காமல், பொய்ப்புகழுக்கு இணங்காமல், பூசி மெழுகும் வித்தையை மட்டும் கடைசிவரை கற்றுக்கொள்ளாமலே பணியை முடித்த பூந்தமிழே! காரமடையிலிருந்து மருமகளாய் மலையேறி வந்து, மலையின் மகளாகவே மாறிவிட்ட மாண்பே! காலையில் தேயிலையின் விலை சொல்லி, மாலையில் திரைப்படத்தின் நிலை சொல்லி, இரண்டிலும் ஒரு காசு கூட்டாமலும் ஒரு காசு குறைக்காமலும் காத்த நேர்மையே! வணக்கம்.

வெள்ளிதோறும் நீங்கள் பிறரைப் பற்றிப் பேசினீர்கள். பேசப்பட்டவர்கள் மறுமொழி சொல்ல வழியில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இன்று ஒரு நாள் அந்த வழக்கத்தைத் திருப்பிப் போட அனுமதி கேட்கிறோம். நாங்கள் அவையைப் பார்த்து, உங்களை 'அவர்' என்றே குறிப்பிட்டுப் பேசப் போகிறோம். நீங்கள் மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருங்கள். எங்கேனும் மிகைப்படுத்தினால் லேசாக இருமுங்கள், நிறுத்திக்கொள்கிறோம்.

அவையோரே!

வேலாமணி அம்மையார் இந்த நிலையத்தில் காலடி வைத்தபோது, நிலையம் என்பது ஒரு கட்டடத்தின் மாடியில் இரண்டு அறைகளும், வெளிச்சத்தம் புகாமலிருக்கச் சுவரெல்லாம் ஒட்டிய முட்டை அட்டைகளும்தான். உழவர் நிகழ்ச்சிக்கு ஆள் வேண்டும் என்றுதான் அவரை அழைத்தோம். பச்சைத் தேயிலை விலையையும், மேட்டுப்பாளையம் மண்டியின் கேரட் விலையையும் அவர் வாசித்தால், விலை இறங்கிய நாளில்கூடக் கேட்பவருக்கு ஓர் ஆறுதல் இருக்கும். ஒரு வெள்ளியன்று திரைப்பட நிகழ்ச்சி செய்கிறவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். "நேத்துத்தான் ஒரு படம் பாத்துட்டு வந்தனுங்க. அதைச் சொல்லட்டுங்களா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் மைக் முன் அமர்ந்தார். காய்ச்சல்காரர் குணமாகித் திரும்பியபோது, அவருக்கு வேறு நிகழ்ச்சி தேடிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

அன்று தொடங்கிய விமர்சனத்தில் நட்சத்திரம் கிடையாது, மதிப்பெண் கிடையாது. படத்துக்கு யாரை அழைத்துப் போகலாம், யாரை அழைத்துப் போனால் வம்பு என்பதுதான் அவர் சொன்னது. மாமியாரோடு போக வேண்டிய படம், பெண் பார்த்துவிட்டு வந்த பின் போகக்கூடாத படம், சம்பள நாளுக்கு முன்தினம் போனால் மனம் லேசாகிற படம் என்று அவர் பிரித்த பிரிவுகள் எந்தத் தணிக்கை வாரியமும் அறியாதவை.

அண்மையில் வந்த படங்களையே எடுத்துக்கொள்வோம். 'கொடுவாள் கோமகன்' இரண்டாம் பாகம் வந்தபோது நகரமெல்லாம் பதாகை, பாலாபிஷேகம். அம்மையார் அமைதியாக வந்து அமர்ந்து, நாயகன் அடித்துப் போட்ட அத்தனை பேரில் ஒருவருக்காவது வீடு வாசல், பெண்டு பிள்ளை இருந்த மாதிரியே தெரியவில்லை என்றும், அத்தனை அநாதைகளை ஒரே ஊரில் எங்கே பிடித்தார்கள் என்றும் கேட்டார். ஊட்டிப் பங்களாவில் பேய் உலவும் 'பதினேழாம் நம்பர் பங்களா'வைப் பற்றி அவர் சொன்னதை இன்றும் தேநீர்க் கடைகளில் சொல்லிச் சிரிக்கிறார்கள். "மார்கழிக் குளுருல, ஸ்வெட்டர் இல்லாம, வெள்ளைச் சேலையோட மூணு மணி நேரம் நிக்குதுங்க அந்தப் பேயி. எனக்குப் பயம் வரலீங்க. பாவமாத்தான் இருந்துச்சு."

வைவதற்கு மட்டுமே வாய் திறந்தவர் என்று எவரும் நினைக்க வேண்டாம். பெயர் தெரிந்த ஒரு முகம்கூட இல்லாத 'ஒரு சாவி இரண்டு பூட்டு' என்ற படம், பாகம் பிரிக்க முடியாமல் ஒரே வீட்டில் கோடு கிழித்து வாழும் இரண்டு கிழட்டு அண்ணன் தம்பியின் கதை. அது வந்த சுவடே தெரியாமல் போகவிருந்தது. அம்மையார் அந்த வாரம் பேச்சையெல்லாம் சுருக்கி, பேசாமல் இருக்கும் உங்கள் பங்காளியை மட்டும் அழைத்துக்கொண்டு போங்கள், வேறு யாரும் வேண்டாம் என்றார். குந்தா மின்நிலையக் குடியிருப்பிலிருந்து ஒரு வேன் நிறைய அண்ணன் தம்பிகள் வந்து இறங்கியதை மலையரசி டாக்கீஸ் உரிமையாளர் கண்ணால் கண்டவர். அவர் இதோ முன்வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார்.

அஞ்சாமையின் அணிகலனே!

அவரது துணிவைச் சொல்ல வேண்டுமென்றால் 'கொழுந்து மழை'யைச் சொல்லாமல் தீராது. சென்ற ஆண்டு நடந்தது. கேட்டவர்கள் மறுபடி கேட்கலாம். கேளாதவர்களுக்காகத் தொடக்கத்திலிருந்தே சொல்கிறோம்.

அந்தப் படம் குன்னூரைச் சுற்றியுள்ள தோட்டங்களில்தான் எடுக்கப்பட்டது. படப்பிடிப்பு நடந்த நாள்களில் இந்த ஊர் தன் வேலையைப் பாதிதான் பார்த்தது. ஆட்டோ நிறுத்தம் படத்தில் வந்தது, ஆட்டோக்காரர்கள் வந்தார்கள், பேக்கரியின் பெயர்ப்பலகை வந்தது. தோட்டத்துப் பெண்கள் கூடை மாட்டி வரிசையாய் நின்றார்கள். அவர்களில் ஒருவருக்கு வசனமே கிடைத்தது. அவர் சின்னம்மை. கைக்குழந்தையாய் இலங்கைத் தோட்டத்திலிருந்து தாய் தகப்பனோடு கப்பலேறி வந்தவர். இங்கே ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார். எங்கள் வெள்ளி நிகழ்ச்சிக்குத் தவறாமல் போன் போடுகிற நேயர். அம்மையார் சரியில்லை என்று சொன்ன படங்களைத் தேடிப் போய்ப் பார்த்து, நன்றாகத்தானே இருக்கிறது என்று சண்டைக்கு வருவதில் அவருக்கு ஒரு தனி இன்பம்.

படத்தில் நாயகன் மழையில் நனைந்தபடி, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து வாசலில் தயங்கி நிற்பான். சின்னம்மை அவனை உள்ளே அழைக்க வேண்டும். எழுதிக் கொடுத்த வசனம் வேறு. கேமரா ஓடியபோது அவர் வாயில் வந்தது அவர் வீட்டுப் பேச்சு: "தேத்தண்ணி ஆறிப்போகும் தொரை, உள்ளுக்கு வாங்க." இயக்குநர் கை தட்டி, இதுவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு பல மாதங்களுக்கு, அந்த லயத்தில் யார் வீட்டுக்கு யார் போனாலும் வரவேற்பு அந்த வசனம்தான்.

படம் வந்தது. மலையரசி டாக்கீஸ் புதுச் சுண்ணாம்பு பூசிக்கொண்டது. அதன் உரிமையாளர் மருதாசலம் கோயமுத்தூர்க் குடும்பத்துப் பிள்ளை. ஊரில் மிஞ்சியிருக்கும் ஒரே கொட்டகையை விடாப்பிடியாக நடத்துகிறவர். எங்கள் வெள்ளி நிகழ்ச்சிக்கு நெடுங்காலமாய் விளம்பரம் தந்து தாங்கியவரும் அவரே. முதல் காட்சியன்று அம்மையார் வழக்கம்போல் ஓரத்து நாற்காலியில் அமர்ந்திருந்தார். இரண்டு வரிசை முன்னால், பட்டுச் சேலையில், லயமே சூழ்ந்திருக்கச் சின்னம்மை.

மழைக் காட்சி வந்தது. திரை நிறையச் சின்னம்மையின் முகம். வாய் அசைந்தது. வந்த குரல் வேறு யாருடையதோ. எங்கோ ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் எவரோ மெல்லிய குரலில், "டீ ஆறிடப் போகுது சார், உள்ள வாங்க" என்று பேசியிருந்தார். கொட்டகை அதைக் கவனிக்கவில்லை. முகத்தைப் பார்த்த மகிழ்ச்சியில் விசிலும் காகிதமுமாய்ப் பறந்தது. திரையை விட்டுவிட்டுச் சின்னம்மையையே பார்த்துக்கொண்டிருந்த அம்மையார் மட்டும் கண்டார்: கைதட்டுவதற்காக எடுத்து வைத்திருந்த அந்த இரண்டு கைகளும் மெல்ல மடியில் இறங்கின.

படம் விட்டதும் வாசலில் எல்லோரும் சின்னம்மையோடு படம் எடுத்துக்கொண்டார்கள். கூட்டம் கலைந்த பின் அம்மையார் அருகே போனார். சின்னம்மை சிரித்தார். பிறகு சொன்னார்: "படம் நல்லா இருந்துச்சுக்கா. ஆனா அது நான் இல்லை."

அந்தச் சொல் அவரோடு வீடுவரை நடந்து வந்தது என்று அம்மையார் பின்னால் எங்களிடம் சொன்னார். விமர்சனத்தில் அதைச் சொல்லிவிடலாமா என்று தோன்றியது. சொன்னால் படத்துக்கு எதிராக அதைவிடப் பெரிய ஆயுதம் இல்லை. ஆனால் அந்த வலி சின்னம்மையுடையது; அதை எடுத்துத் தன் பேச்சுக்கு அழகு சேர்ப்பது சரியில்லை என்று முடிவு செய்தார். படத்தைப் பற்றி மட்டும் பேசுவது. அதையும் உள்ளபடி பேசுவது. ஊரே கொண்டாடும் படத்தை, ஊர்க்காரியாக இருந்துகொண்டு, நன்றாக இல்லை என்பது. மைக் முன் உட்கார்ந்தபோது அவர் உள்ளங்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டதை ஒலிப்பதிவு செய்யும் லோயிஸ் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தார். அந்தக் குளிரிலும்.

"படம் பாக்கறதுக்கு அழகா இருக்குதுங்க. நம்ம மலை எப்பவுமே அழகுதான். அதுக்கு அவிங்க ஒண்ணும் பண்ணலீங்க. மழை வருது, மஞ்சு வருது, பாட்டு வருது. கதை மட்டும் மேட்டுப்பாளையத்துல பஸ் மாறாம அங்கியே நின்னு போச்சுங்க. மலைக்கு ஏறவே இல்லை. நம்ம சனங்க எல்லாம் வர்றாங்க. வந்து நிக்கறாங்க, அழுவறாங்க, போறாங்க. நாம நாள் பூராவும் அழுதுட்டா இருக்கறோம்?"

அவ்வளவுதான் அவர் பேசியது. ஊர் கொதித்துவிட்டது.

போன் மணி ஓயவில்லை. ஆட்டோ நிறுத்தத்தில் அம்மையாருக்கு வண்டி வரவில்லை. பேக்கரியில் அவர் கேட்ட வர்க்கி பிஸ்கட் தீர்ந்துவிட்டதாகச் சொன்னார்கள், கண்ணாடிப் பெட்டி நிறைய இருக்கும்போதே. பொறாமை என்றார்கள், மேட்டிமை என்றார்கள். மருதாசலம் நேரில் வரவில்லை. தொலைபேசியில், நம்ம ஊர்ப் படத்தை நீங்களே இப்படிச் சொல்லலாமா அம்மிணி என்று வருத்தமாய்க் கேட்டுவிட்டு விளம்பரத்தை நிறுத்திக்கொண்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் நிறுத்தினார்கள்.

நிலைய இயக்குநர் ஆறுமுகசாமி ஐயா அதட்டத் தெரியாதவர். அன்றும் அதட்டவில்லை. விளம்பரம் இல்லாமல் அந்த நேரத்தை நடத்த முடியாது, ஊரில் பலரும் பேசாமல் பாட்டுப் போட்டு நிரப்பச் சொல்கிறார்கள், அடுத்த வாரம் கொஞ்சம் தணிவாக நாலு வார்த்தை சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று, அவர் மேசையைப் பார்த்தபடியே சொன்னார். அம்மையார் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார். "இப்ப நான் மாத்திச் சொன்னனுங்கன்னா, நாளைக்கு ஒரு நல்ல படத்தை நல்லதுன்னு சொல்றப்ப யாருங்க சார் நம்புவாங்க?" ஐயா மேசையிலிருந்து நிமிர்ந்தார். இன்னும் ஒரே ஒரு வெள்ளி தருவதாக ஒப்புக்கொண்டார்.

வெளியில் நிமிர்ந்து நடந்தாலும் அந்த வாரம் அவருக்கு எளிதாக இல்லை. ஒருவேளை ஊருக்குப் பாட்டுத்தான் வேண்டுமோ, இத்தனை காலம் தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தோமோ என்றெல்லாம் மனம் அலைந்தது. அப்படி இருந்தபோதுதான், அரை நாள் லீவு போட்டுவிட்டு, மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல், சின்னம்மை எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். வந்த கோபத்தில் உட்காரவும் மறுத்தார். தான் ஆசை ஆசையாய்ப் பார்த்த படத்தை நன்றாக இல்லை என்று எப்படிச் சொல்லலாம், லயத்தில் எல்லோரும் தன் முகத்தைப் பார்க்க முடியாமல் தவிக்கிறார்கள் என்று பொரிந்து தள்ளினார்.

எங்கள் நிலையத்தின் இளைய பணியாளர் ஷண்முகப்ரியா தண்ணீர் கொண்டுவர ஓடினாள். அம்மையார் முகத்தில் அந்த வாரத்தில் முதல்முறையாக ஒரு வெளிச்சம் வந்தது. எழுந்து சின்னம்மையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இதையெல்லாம் வர்ற வெள்ளிக்கிழமை மைக்குல சொல்றீங்களா? ஒரு வார்த்தை விடாம."

"உங்களத் திட்டுவேன்க்கா."

"அதுக்குத்தானுங்க கூப்புடறேன்."

அவையோரே, அந்த வெள்ளியன்று நடந்ததற்கு முன்னும் பின்னும் அப்படியொரு நிகழ்ச்சி இந்த நிலையத்தில் நடந்ததில்லை. ஒரு மேசை, எதிரெதிரே இரண்டு நாற்காலி. ஊர் முழுக்க, இந்த அம்மாள் மன்னிப்புக் கேட்கப் போகிறாள் என்ற எதிர்பார்ப்பில் கேட்டுக்கொண்டிருந்தது. எங்கள் அலை எட்டாத ஓவேலியில்கூடக் கைப்பேசிச் செயலியில் கேட்டார்கள் என்று பிறகு தெரிந்தது.

சின்னம்மை தயங்கவே இல்லை. பாட்டு நன்றாயிருந்தது என்றார். நாயகனின் தாய் சாகிற இடத்தில் லயமே அழுதது என்றார். ஒரு நாள் கூடை இல்லாமல், மேஸ்திரியின் குரல் இல்லாமல், நம் மலையை நாமே உட்கார்ந்து பார்த்தோம், அது போதாதா என்று கேட்டார். அம்மையார் விட்டுக்கொடுக்கவில்லை. அழ வைப்பது பெரிய காரியமில்லை என்றார்.

"நீங்களுந்தான் அழுதீங்க. நான் திரும்பிப் பாத்தேன்" என்றார் சின்னம்மை.

"வெங்காயம் அரிஞ்சாலும் அழுகை வருதுங்க. அதுக்காக வெங்காயத்தை நல்ல படம்னு சொல்ல முடியுங்களா?"

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் லோயிஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சின்னம்மையும் சிரித்துவிட்டார். இரண்டு பேரும் சிரித்து ஓய்ந்த அந்த இடைவெளியில், அம்மையார் குரலைத் தாழ்த்தி, படத்தில் நீங்கள் சொன்ன வசனத்தை நேயர்களுக்கு ஒருமுறை சொல்ல விருப்பமா என்று கேட்டார். விருப்பமில்லை என்றால் விட்டுவிடலாம் என்றும் சேர்த்துச் சொன்னார். வானொலியில் மௌனம் பெருங்குற்றம். அன்று லோயிஸ் அந்த மௌனத்தை நிரப்பப் பாட்டுப் போடவில்லை. சின்னம்மை மைக்கை நோக்கிக் குனிந்தார்.

"தேத்தண்ணி ஆறிப்போகும் தொரை, உள்ளுக்கு வாங்க." கொஞ்சம் பொறுத்து, "இப்படித்தான் நான் சொன்னேன். படத்துல வேற ஆளு பேசுறாங்க. எங்க பேச்சு அவங்களுக்குப் போதலையோ என்னமோ" என்றார்.

அதற்குப் பின் வந்த அழைப்புகளை எங்களால் எடுத்து முடிக்க முடியவில்லை. பைக்காராவில் படகு ஓட்டுகிறவர் அழைத்து, தன் வீட்டிலும் அதே பேச்சுத்தான் என்றார். ஆட்டோ நிறுத்தத்தார் அழைத்தார்கள். படம் நல்ல படம்தான், ஆனால் குரலை எடுத்தது தப்பு என்றார்கள் சிலர். படமும் தப்பு, அதுவும் தப்பு என்றார்கள் வேறு சிலர். ஒரு வாரமாய் அம்மையாரோடு பேசாதிருந்த ஊர், இப்போது தனக்குள்ளேயே கட்சி பிரிந்து பேசத் தொடங்கிவிட்டது. எந்தக் கட்சி சரி என்று தெரிந்துகொள்ள மறுபடியும் டிக்கெட் வாங்கியது.

மறுநாள் காலை மருதாசலம் படியேறி வந்தார். நாற்காலி நுனியில் அமர்ந்தார்.

"எனக்குத் தெரியாதுங்க அம்மிணி. இத்தனை காட்சி ஓட்டியிருக்கறேன், காதுல உறைக்கவே இல்லை" என்றார். விளம்பரத்தை மீண்டும் தருவதாகவும், ஆனால் படத்தைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னால் தேவலை என்றும் மெல்ல இழுத்தார்.

படத்தைப் பற்றிய சொல்லில் ஓர் எழுத்தும் மாறாது என்றார் அம்மையார். ஆனால் அவர் கையில் ஒன்று இருக்கிறது, அதைச் செய்தால் அதைப் பற்றி மனமாரப் பேசுவேன் என்று சொல்லி, அந்த ஒன்றை விளக்கினார். மருதாசலம் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். படக்கம்பெனி கோபித்துக்கொள்ளும் என்றார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "கோவிச்சுக்கட்டுங்க. கொட்டகை என்னுதுதானுங்களே."

ஞாயிறு பகல் காட்சி. மலையரசி டாக்கீஸில் நிற்கவும் இடமில்லை. எங்கள் நிலையத்து மைக்கைத் திரைக்குக் கீழே வைத்திருந்தோம். மழைக் காட்சி நெருங்கியதும் சின்னம்மை எழுந்து போய் அதன் அருகே நின்றார். திரையில் அவர் முகம் வந்தது; ஆபரேட்டர் ஒலியை இறக்கினார்; வாய் அசைந்தது; குரல் வரவில்லை. தலைக்கு மேலே அத்தனை பெரிதாய்த் தெரிந்த தன் முகத்தை அண்ணாந்து பார்த்தபடி சின்னம்மை அப்படியே நின்றுவிட்டார். காட்சி ஓடிப்போயிற்று. தான்தான் அவரை இந்த நிலைக்கு இழுத்து வந்துவிட்டோம் என்று அம்மையார் தன்னையே நொந்துகொண்டார். எழுந்து போய் அழைத்து வந்துவிடலாமா என்று நாற்காலிக் கையைப் பிடித்தார்.

அதற்குள் மேலே ஆபரேட்டர் அறையிலிருந்து மருதாசலத்தின் குரல் கேட்டது. "அவசரம் ஒண்ணும் இல்லீங்க. இன்னொருக்கா ஓட்டறோம்."

படம் கொஞ்சம் பின்னால் போய் மீண்டும் வந்தது. மழை. நனைந்தபடி நாயகன். வாசலில் சின்னம்மை. இந்த முறை அவர் திரையைப் பார்க்கவில்லை. கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி நின்றார். வருகிற இடம் அவருக்கு மனப்பாடம். "தேத்தண்ணி ஆறிப்போகும் தொரை, உள்ளுக்கு வாங்க" என்று, தன் வீட்டு வாசலில் நின்று அழைப்பது போலவே அழைத்தார். உதட்டோடு குரல் வந்து பொருந்தியது.

அடுத்து எழுந்த ஓசையில் கூரைத் தகரம் அதிர்ந்தது. மறுபடி, மறுபடி என்று கேட்டார்கள். மருதாசலமும் மறுபடி, மறுபடி ஓட்டினார். நாயகன் அன்று அந்த வாசலில் நனைந்ததைப் போல் வேறு எந்த ஊரிலும் நனைந்திருக்க மாட்டான். காட்சி முடிந்து இறங்கி வந்த சின்னம்மை, ஓரத்து நாற்காலியில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மையார் பக்கத்தில் நின்றார்.

"இப்ப எந்த வெங்காயம்க்கா?" என்று கேட்டார்.

அடுத்த வெள்ளி அம்மையார் நேயர்களுக்குச் சொன்னார்: படம் பற்றிய தன் கருத்து மாறவில்லை, ஆனால் மலையரசியில் ஓடுகிற படம் வேறு படம், அதைப் போய்ப் பாருங்கள். போனார்கள். படம் ஓடிய கடைசி நாள்வரை ஞாயிறு பகல் காட்சியில் அந்த வசனம் சின்னம்மை குரலில்தான் ஒலித்தது. படக்கம்பெனியிலிருந்து எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்ல ஊரே தயாராக இருந்தது.

கருத்துக்குக் கதவு திறந்த கண்ணியமே!

அந்த வாரத்துக்குப் பின் எதிர் நாற்காலியை அவர் எடுக்க விடவில்லை. தன்னோடு முரண்படுகிற ஒருவர் வெள்ளிதோறும் அதில் அமர வேண்டும் என்றார். மின்வாரிய ஊழியர் வந்தார், காய்கறி மண்டிக்காரர் வந்தார், கூடலூரிலிருந்து மலையாளம் கலந்த தமிழில் மல்லுக்கட்ட சுஜித் என்ற நேயர் வந்தார். எங்கள் ஷண்முகப்ரியாவே ஒருமுறை அமர்ந்து, அம்மையார் புகழ்ந்த படத்தைக் கிழித்துத் தோரணம் கட்டினாள். அன்று அவர் முகத்தில் இருந்த பெருமிதத்தை நாங்கள் இப்போதும் நினைத்துப் பார்க்கிறோம். ஒரு படத்தைப் பற்றி இரண்டு பேர் இரண்டு விதமாக நினைக்கலாம், நினைத்துவிட்டு ஒரே கடையில் தேநீர் குடிக்கலாம் என்பதை இந்த மலைக்குச் செய்து காட்டியவர் அவர்.

அவருக்குக் குறையே இல்லையா என்றால், உண்டு. இடைவேளையில் பேசினால் பதில் சொல்ல மாட்டார். ஆலோசனைக் கூட்டத்தில் வறுகடலை கொறிப்பார். நாய் நடிக்கும் படம் என்றால் மட்டும் அவரது தராசு ஒரு பக்கமாகச் சாயும். அதை எவ்வளவு சொல்லியும் திருத்த முடியவில்லை. சென்ற வெள்ளி அவரது கடைசி நிகழ்ச்சி என்று நாங்கள் எல்லோரும் கண் கலங்கி நின்றபோது, அவர் விடைபெறும் உரை எதுவும் ஆற்றவில்லை. புதிதாக வந்த குழந்தைகள் படம் சுமார், முதல் பாதியில் தூங்கினால் நஷ்டமில்லை, இரண்டாம் பாதியில் ஆட்டுக்குட்டி நன்றாக நடித்திருக்கிறது என்று சொல்லி, வணக்கம் வைத்து, ஹெட்ஃபோனைக் கழற்றிக் கொக்கியில் மாட்டிவிட்டு, மழைக்கு முன் வீட்டுக்குப் போக வேண்டும் என்று கிளம்பிவிட்டார்.

அன்புக்குரிய அம்மையாரே!

இனி மீண்டும் உங்களை நோக்கியே பேசுகிறோம். இதுவரை நீங்கள் இருமவில்லை. அதையே ஒப்புதலாய் எடுத்துக்கொள்கிறோம்.

வரும் வெள்ளி முதல் உங்கள் இடத்தில் ஷண்முகப்ரியா அமர்கிறாள். அவளுக்குத் துணிச்சல் இருக்கிறது, கண்ணும் இருக்கிறது. பயமும் கொஞ்சம் இருக்கிறது. ஆகவே பணி நிறைவுப் பரிசாக உங்களுக்குக் கடிகாரமோ குத்துவிளக்கோ நாங்கள் தரவில்லை. எதிர் நாற்காலியைத் தருகிறோம். முதல் வாரமே வந்து அமருங்கள். அவள் நல்ல படம் என்று சொன்னதை இல்லை என்று சொல்லுங்கள். அவள் விட்டுக்கொடுக்கிறாளா என்று மலை கேட்டுக்கொண்டிருக்கும்.

காலையில் முழங்கால் வலிக்காத நடையும், மாலையில் கண்ணாடி தேடாத பார்வையும், முன்னால் உயரமானவர் அமராத இருக்கையும், நல்ல படம் வரும் வாரத்தில் நிலச்சரிவு இல்லாத சாலையும் உங்களுக்கு என்றும் வாய்க்கட்டும்! பேரன் பேத்தியர் படத்தை விட்டுவிட்டு உங்கள் பேச்சைக் கேட்கட்டும்! திரையில் 'வணக்கம்' என்ற எழுத்து விழாத நெடும்படமாய் உங்கள் வாழ்நாள் நீளட்டும்! அந்தப் படத்தைப் பற்றி மட்டும் எங்களிடம் கருத்து கேட்காதீர்கள். அதில் எங்கள் தராசும் ஒரு பக்கமாகவே சாயும்.

உங்கள் குரலோடு வேலை செய்து, உங்கள் சொல்லோடு சண்டை போட்டு, உங்கள் அன்போடு வீடு திரும்பிய,
பனிமுகில் சமுதாய வானொலிப் பணியாளர்கள்
குன்னூர், நீலகிரி